கொட்டை நீக்காத பருத்தியைச் சாலைவழி கொண்டுசெல்வது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தானியமோ கரும்போ ஏற்றிப் பழகியவரைக்கூட முதல் பருத்தி பாரம் ஏமாற்றிவிடும். வண்டி நிறைந்து, பக்கப் பலகைக்கு மேல் ஆளுயரம் எழும்பி, கண்ணுக்கு மலைபோலத் தெரியும். எடைமேடையில் ஏற்றினால் வண்டி தாங்கும் எடையில் பாதிகூட வந்திருக்காது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ. அதே இடத்தில் அழுத்தாமல் போட்ட பருத்தி 100 கிலோவைத் தொட்டாலே அதிகம். நான்கு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் கொண்ட பெட்டியை உதிரிப் பருத்தியால் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரை டன் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை டன்னில் பஞ்சு எவ்வளவு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கையால் பறித்த சுத்தமான பருத்தி 100 கிலோவை அரைத்தால், அதாவது கொட்டையையும் பஞ்சையும் எந்திரத்தில் பிரித்தால், பஞ்சு 35 கிலோவை ஒட்டித்தான் வரும். மீதியில் பெரும்பகுதி கொட்டை. ஆகவே நீங்கள் ஓட்டிச் செல்வது பஞ்சு வண்டி என்பதைவிட விதை வண்டி என்பதே பொருத்தம். அந்த விதைக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. ஈரம் பட்டால் சூடாகிறது. இந்த வேலையில் நேரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது. இன்னொரு பாதி, பாரத்தின் உயரத்திலிருந்தும் தீயிலிருந்தும்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு வேலையை வரிசையாகப் பார்ப்போம். எல்லாப் படிகளுக்கும் ஒரே முக்கியத்துவம் இல்லை. ஈரத்திற்கும் தீக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்; காரணம் படிக்கும்போது புரியும்.

முதலில் ஈரம்

வண்டியைப் பார்ப்பதற்கு முன் பருத்தியைப் பாருங்கள். கொட்டையோடு கூடிய பருத்தியைக் குவித்தோ அழுத்தியோ வைக்க வேண்டுமானால் அதன் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே வெப்பம் ஏறும், விதையின் முளைப்புத்திறன் சாகும், கொட்டையில் உள்ள எண்ணெய் கெடும், வெள்ளைப் பஞ்சு மஞ்சளிக்கும். மஞ்சளித்த பஞ்சை எந்த அரவை ஆலையும் வெளுப்பாக்கித் தராது. ஏற்றும்போது இருந்த தரத்தை இறக்கும்வரை காப்பாற்றலாம், கூட்ட முடியாது.

கையடக்க ஈரப்பதமானி இருந்தால் குவியலின் மேற்பரப்பில் மட்டும் குத்திப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உள்ளே, ஓரத்தில், அடியில் என்று பல இடங்களில் குத்துங்கள். கருவி இல்லாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு: கொட்டையைப் பல்லில் வைத்துக் கடிப்பது. நன்றாகக் காய்ந்த கொட்டை 'டக்'கென்று உடையும். ஈரம் இருந்தால் மெத்தென்று நசுங்கும். எங்கள் வீட்டில் பெரியப்பாதான் இந்தச் சோதனையைச் செய்வார். ஒவ்வொரு குவியலிலும் நாலைந்து கொட்டைகளைக் கடித்துத் துப்பிவிட்டு, "இது நாளைக்கு" என்றோ "இதை ஏற்றலாம்" என்றோ சொல்வார். பிள்ளைகளான நாங்களும் தேவையே இல்லாமல் கடித்துத் துப்பிக்கொண்டே திரிவோம். சாயமோ மருந்தோ தடவிய விதைப்புக் கொட்டையை மட்டும் ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள். இந்தச் சோதனை வயலில் இருந்து வந்த பருத்திக்கு மட்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தடுப்பது சுலபம். பனி காயும் முன் பறித்த பருத்தி ஈரமாக இருக்கும். முழுதாக வெடிக்காத காயிலிருந்து பிடுங்கிய பருத்தியில் கொட்டை பச்சையாக இருக்கும். இயந்திரத்தால் எடுத்ததில் பச்சை இலை கலந்திருந்தால், இலையின் ஈரம் பஞ்சுக்குள் இறங்கும். மழை பெய்து ஓய்ந்த பின் வெளியே நன்றாகக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும், கொட்டையில் ஈரம் நிற்கும். கை ஏமாறும், பல் ஏமாறாது.

எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாரத்தை ஏற்ற மறுப்பது வண்டிக்காரரின் உரிமை. ஐ.நா.வின் ஆபத்தான சரக்குகள் பட்டியலில் ஈரப் பருத்திக்கு 1365 என்ற தனி எண்ணே உண்டு. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. நாலு குடம் தண்ணீரால் கிடைக்கும் எடைக்காக அந்த வரிசையில் உங்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

ஈரமாக இருந்தால் ஒரே வழிதான்: பரப்பிக் காயவைத்து, புரட்டி, மறுபடி சோதித்து ஏற்றுவது. உடனே போயே ஆக வேண்டும் என்றால் தளர்வாக ஏற்றி, ஆலைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, அன்றே அரைப்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். ஈரப் பருத்தியை வண்டியில் இரவு முழுவதும் நிறுத்தி வைப்பது மட்டும் கூடவே கூடாது.

வண்டித் தளம்

நேற்று அந்த வண்டியில் என்ன போனது என்று கேளுங்கள். உரம், சிமென்ட், நிலக்கரி, கோழித் தீவனம் எதுவானாலும் தளத்தைப் பெருக்கி, கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். டீசலோ எண்ணெயோ சிந்தியிருந்தால் இன்னும் கவனம். எண்ணெய் பட்ட பஞ்சில் கறை விழுவதோடு முடிவதில்லை. அதுவும் தானே சூடேறும் இயல்புடையது. துருத்தி நிற்கும் ஆணி, கம்பி, துருப்பிடித்த தகடு எல்லாவற்றையும் நீக்குங்கள். பருத்தியோடு போகும் ஒரு இரும்புத் துண்டு, ஆலையில் சுழலும் ரம்பப் பற்களில் மோதித் தீப்பொறி கிளப்பப் போதுமானது.

இதைவிடப் பெரிய எதிரி பிளாஸ்டிக் நூல். உரச் சாக்கு, சர்க்கரைச் சாக்கு, நைலான் கயிறு ஆகியவற்றின் இழைகள் பிய்ந்து பருத்தியில் கலந்தால் அரவையில் பிரியாது, நூற்பிலும் பிரியாது. துணியாகிச் சாயத் தொட்டிக்குள் போகும்போதுதான் தெரியும்: பருத்தி நூல் சாயத்தைப் பிடிக்கும், அந்த இழை பிடிக்காது. நீலத் துணியில் வெள்ளைக் கீறல். அதற்குள் அந்தப் பருத்தி எந்த வயலிலிருந்து வந்தது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் நூற்பாலை அந்த அரவை ஆலையை மறக்காது, அரவை ஆலை அடுத்த பருவத்தில் எல்லோருடைய பருத்திக்கும் விலையைக் குறைக்கும். பருத்தித் துணியால் தைத்த பை, பருத்திக் கயிறு, இவை இரண்டும் கொஞ்சம் செலவு வைக்கும். அந்தச் செலவில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பையின் வாயைத் தைப்பதும் பருத்தி நூலால்தான். அறுத்த நூலைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைமுடி, பறவை இறகு, சாக்லேட் காகிதம், பீடித் துண்டு எல்லாம் இதே கணக்கில் சேரும். ஏற்றுபவர்கள் தலையில் துணி கட்டிக்கொள்வது வெயிலுக்காக மட்டும் அல்ல.

முந்தைய பாரமும் பருத்திதான் என்றால் கழுவ வேண்டாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரகம் என்ன என்று கேளுங்கள். மிக நீண்ட இழை ரகங்களை உருளை எந்திரத்திலும், சாதாரண ரகங்களைப் பெரும்பாலும் ரம்ப எந்திரத்திலும் அரைப்பார்கள். ஓரங்களில் ஒட்டியிருக்கும் பழைய ரகம் இரண்டு கூடை இருந்தால்கூட நீண்ட இழைப் பருத்தியின் தரம் கெடும். விதைக்காக வளர்த்த பருத்தியானால் கலப்பு அதைவிடப் பெரிய குற்றம்.

ஏற்றுவது

பைகளில் வந்தால் வேலை எளிது: கனமான பைகள் அடியில், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் இடைவெளிமேல் அமரும்படி குறுக்கு மாற்றி, வெளிப்பக்கப் பைகள் சற்றே உள்நோக்கிச் சாயும்படி. செங்கல் கட்டுபவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உதிரியாக ஏற்றுவதில்தான் கைப்பழக்கம் வேண்டும். முதலில் நான்கு மூலைகளையும் நிரப்பி மிதியுங்கள், பிறகு ஓரங்கள், கடைசியாக நடு. புதியவர்கள் நடுவில் கொட்டிவிட்டு ஓரத்துக்குத் தள்ளுவார்கள். அப்படிச் செய்தால் நடுப்பகுதி இறுகி, ஓரங்கள் தளர்வாக நின்று, முதல் திருப்பத்திலேயே பக்கவாட்டில் பிதுங்கும். முழங்கால் உயரத்துக்கு ஒரு அடுக்கு என்று போட்டு, அடுக்குக்கு அடுக்கு மிதித்து வந்தால் அதே பெட்டியில் கணிசமாகக் கூடுதல் பருத்தி பிடிக்கும். கடைசி அடுக்கு நடுவில் சற்றே உயர்ந்து இரு பக்கமும் சரிந்து இருக்கட்டும். தட்டையாக விட்டால் மூடிய தார்ப்பாயில் மழைநீர் தேங்கும்.

மிதிக்கிற வேலை ஒரு காலத்தில் பிள்ளைகளுடையது. பருத்தி எடுக்கும் நாட்களில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். பறிக்கும் வேலையில் காய்ந்த காயின் கூர்முனை விரல்களின் நகக்கண்ணைக் கிழிக்கும். குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும். எவ்வளவு பறித்தாலும் மடி கனக்கவே கனக்காது. வண்டியின் மேல் ஏறிவிட்டால் வேறு உலகம். கால் புதையும், வெயிலில் சூடேறிய பஞ்சு கணுக்காலைச் சுற்றும், மூக்கில் தூசியும் கொட்டையின் எண்ணெய் வாடையும் ஏறும். மூலைக்கு மூலை குதித்து மிதித்தால் பாராட்டு, நடுவில் சும்மா உருண்டால் அதட்டல்.

அந்த நினைவு இனிமையானது என்பதற்காக அதை நான் பரிந்துரைக்கவில்லை. உயர்ந்த பக்கங்கள் கொண்ட பெட்டியில் உதிரிப் பருத்திக்குள் சரிந்து விழும் குழந்தைக்கு மூச்சு முட்டும். மேலிருந்து அடுத்த கூடையைக் கொட்டுபவர் கண்ணுக்கு அது தெரியாது. மிதிப்பவர் பெரியவராக இருக்கட்டும், இருவராக இருக்கட்டும், கொட்டுபவரின் பார்வையில் இருக்கட்டும்.

பெரிய பண்ணைகளில் இந்த மிதிப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் முன்பு கம்பிவலைப் பக்கங்கள் கொண்ட டிரெய்லர்களில் உதிரிப் பருத்தி போகும். ஆலை வாசலில் வரிசை நீண்டால் காலி டிரெய்லர் திரும்பாது, டிரெய்லர் இல்லாமல் அறுவடை நிற்கும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1970களின் தொடக்கத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் லாம்பர்ட் வில்க்ஸ், வயலோரத்திலேயே பருத்தியை அழுத்திக் கட்டியாக்கும் மாட்யூல் இயந்திரத்தை உருவாக்கினார். ஏறக்குறைய பத்து மீட்டர் நீளம் கொண்ட அந்தக் கட்டி, வண்டிக்காகக் காத்திராமல் வயலிலேயே கிடக்கலாம். பின்னால் வந்த அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டே உருளையாகச் சுற்றி, பிளாஸ்டிக் உறையோடு கீழே இறக்கிவிடுகின்றன. ஓர் உருளை இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும்.

உருளைகளை ஏற்றும் வேலை உங்களுக்கு வந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இழுத்துச் செல்லாதீர்கள், தூக்குங்கள். கூரான கம்பியோ முள்ளோ உறையைக் கிழிக்கக் கூடாது, ஏனென்றால் கிழிந்த உறையின் துணுக்கு மேலே சொன்ன பிளாஸ்டிக் நூலின் வேலையையே செய்யும். கட்டியின் உள்வெப்பத்தைக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டிய முதல் வாரத்தில் சில டிகிரி ஏறி நிற்பது இயல்பு. கட்டியபோது இருந்ததைவிட 11 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடினாலோ, உள்வெப்பம் 49 டிகிரியைத் தொட்டாலோ, வரிசையை மீறி முதலில் அரவைக்குப் போக வேண்டிய கட்டி அதுதான்.

மூடுவதும் கட்டுவதும்

தார்ப்பாய் மழைக்கு மட்டும் என்று எண்ணுகிறவர் வண்டியின் பின்னால் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். காற்றில் பறக்கும் பஞ்சு பின்னால் வருபவரின் முன்கண்ணாடியில் ஒட்டும், சாலையோர முள்ளில் தொங்கும். தரையில் விழும் ஒவ்வொரு சுளையிலும் கொட்டை இருக்கிறது. அது மழையில் முளைக்கும். யாரும் பராமரிக்காத அந்தச் செடிகள்தான் அடுத்த பருவம் வரை பூச்சிகளுக்குத் தங்குமிடம். காய்வண்டையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவையும் ஒழிக்கப் போராடும் வட்டாரங்களில் இது சட்டப் பிரச்சினையாகவே மாறும். அமெரிக்கா இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைத் தன் பருத்தி வயல்களிலிருந்து ஒழித்துவிட்டதாக 2018இல்தான் அறிவித்தது. அதற்கு முன் பல பத்தாண்டு உழைப்பு. ஆகவே ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பருத்தி கொண்டுபோகுமுன், அங்கே தடுப்பு விதி ஏதும் இருக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரத்தின் மேல் நேரடியாகக் கயிறு போட்டால் அது பருத்தியை அறுத்துக்கொண்டு இறங்கும். தார்ப்பாய் போட்டு, அதன்மேல் வலையோ அகலப் பட்டையோ போட்டு இறுக்குங்கள். கிளம்பிய சற்று நேரத்தில் ஒரு முறை நிறுத்தி மீண்டும் இறுக்குவது கட்டாயம். அதிர்வில் பருத்தி அமர்ந்து கட்டு தளர்ந்திருக்கும். இந்த இரண்டாவது இறுக்கத்தைச் செய்யாதவர்களின் பாரம்தான் பெரும்பாலும் வழியில் சரிகிறது.

சாலையில்

உயரத்தை அளந்து எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள். மின்கம்பி, பாலத்தின் அடிப்பகுதி, மரக்கிளை மூன்றும் உத்தேசத்துக்குக் கட்டுப்படாதவை. உயரம், அகலம், பின்னால் நீட்டிய அளவு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நாட்டிலும் எல்லை வகுத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு அதற்குள் நில்லுங்கள். எடை குறைவாக இருப்பதால் வண்டி சுலபமாக இழுக்கும், வேகம் தானாக ஏறும். ஆனால் பாரத்தின் பக்கம் காற்றுக்கு ஒரு கப்பல் பாய்போல. பக்கக் காற்றிலும், பெரிய லாரி கடந்து போகும்போதும் வண்டி தள்ளாடும். வளைவில் சாய்வதோ பாரத்தின் உயரத்தால். டிராக்டர் டிரெய்லரானால் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா என்று பார்க்காமல் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

பருத்தி பக்கவாட்டில் பிதுங்கிப் பின்விளக்கையும் திருப்ப விளக்கையும் மறைத்திருக்கும். அவற்றை வெளியே நீட்டிப் பொருத்துங்கள், ஒளிப் பட்டை ஒட்டுங்கள். பாரத்தின் மேல் யாரையும் உட்கார வைக்காதீர்கள். மெத்தைபோல் இருப்பதால் ஆசை வரும். விழுந்தால் தரை மெத்தையாக இருக்காது.

தீ

பருத்தித் தீயைப் பற்றிப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: அது கொழுந்துவிட்டு எரிய வேண்டும் என்பதில்லை. மேற்பரப்பில் உள்ள பஞ்சில் சுடர் நொடியில் ஓடி அணைந்துபோகும். அணைந்தது என்று நாம் நினைக்கும் நேரத்தில் ஒரு கங்கு உள்ளே இறங்கியிருக்கும். புகையே இல்லாமல் அது நாள்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். காற்று கிடைத்ததும் வெளியே வரும்.

பொறி வரும் வழிகள் பல. எஞ்சினின் புகைக்குழாய், இறுகிப்போன பிரேக், மசகு தீர்ந்து காய்ந்த சக்கர பேரிங், தொங்கும் சங்கிலி தார்ச்சாலையில் உரசுவது, மின்கம்பி, எதிரே வரும் வண்டியிலிருந்து எறியப்படும் சிகரெட் துண்டு. நிறுத்தும் இடங்களில் எல்லாம் சக்கரக் குடத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகத் தகித்தால் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். புகைக்குழாயைச் சுற்றிப் படிந்திருக்கும் பஞ்சைத் தினமும் துடைத்தெடுங்கள். ஏற்றும் இடத்தில் புகைபிடிக்க அனுமதிக்காதீர்கள். விருந்தாளியாக வந்தவருக்கும் இதே விதிதான். தீயணைப்புக் கருவி, தண்ணீர், மண்வெட்டி மூன்றும் பாரத்துக்கு அடியில் புதைந்து கிடக்காமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கருகிய வாடை வந்தால் ஓட்டத்தைத் தொடராதீர்கள். ஓடும் வண்டியின் காற்றே ஊதுகுழல். வீடுகள், பெட்ரோல் நிலையம், வைக்கோல் போர், விளைந்த வயல் இவற்றை விட்டு விலகிய வெட்டவெளியில் நிறுத்துங்கள். ஆட்களை இறக்குங்கள். ஆபத்தில்லாமல் முடிந்தால் டிராக்டரைக் கழற்றி அப்பால் கொண்டுபோங்கள். தீயணைப்புத் துறையை அழைக்கும்போது சரக்கு பருத்தி என்று சொல்லுங்கள். காரணம் உண்டு: சுத்தம் செய்யாத பருத்தி இழையின் மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது, வெறும் தண்ணீர் அதில் வழுக்கி ஓடும், உள்ளே இறங்காது. அதற்கேற்ற ஊறவைக்கும் கரைசலோடு அவர்கள் வர முடியும். தார்ப்பாயைச் சட்டென்று உருவாதீர்கள், மேலே ஏறி மிதிக்காதீர்கள். உள்ளே எரிந்து குழிவிழுந்திருந்தால் மேற்பரப்பு ஆளை விழுங்கிவிடும்.

தீ அணைந்த பின்பும் அந்தப் பருத்தியை மற்றப் பருத்தியோடு சேர்க்கக் கூடாது. தனியாக, திறந்த வெளியில், சில நாட்கள் கண்காணிப்பில் கிடக்கட்டும். வழியில் சந்தேகம் மட்டும் தோன்றி, எதுவும் காணாவிட்டாலும் ஆலை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் ஒதுக்கி நிறுத்துவார்கள், கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். சொல்லாமல் விட்டால் மற்றவர்களின் ஒரு பருவத்து உழைப்பும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறது.

ஆலையில்

பாரத்தோடு எடை, பிறகு மாதிரி எடுத்தல், பிறகு இறக்கம், கடைசியில் காலி எடை. இரண்டு எடைச் சீட்டுகளையும் கையில் வாங்கிப் பாருங்கள். வண்டி எண், உரிமையாளர் பெயர், ரகம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இரு எடைக்கும் வண்டியில் அதே ஆட்கள், அதே சாமான்கள் இருக்கட்டும். ஓட்டுநர் முதல் எடைக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டு இரண்டாவது எடைக்குத் தேநீர் குடிக்கப் போனால், அவருடைய எடையும் பருத்தியாகிவிடும்.

மாதிரி எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். மேலிருந்து மட்டும் எடுத்தால் பனியில் நனைந்த மேலடுக்கு முழுப் பாரத்துக்கும் பெயர் கெடுக்கும்; பல ஆழங்களிலிருந்து எடுக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். வரிசை நீண்டிருந்தால் நிழலில், காற்றோட்டமாக நிறுத்தி, வெயில் நேரத்தில் தார்ப்பாயின் ஓரங்களைச் சற்றே தளர்த்திவிடுங்கள். மழை மூட்டம் தெரிந்தால் உடனே இறுக்கிக் கட்டுங்கள்.

சில ஆலைகள் பெரிய குழாயால் உறிஞ்சி இறக்கும், சில வண்டியையே சாய்த்துக் கொட்டும், சிறியவை ஆட்களை வைத்து இறக்கும். எந்த முறையானாலும் பாரத்தின் சரிவுக்குக் கீழே நிற்காதீர்கள். அடியிலிருந்து உருவினால் மேற்பகுதி மொத்தமாகச் சரியும். வளாகத்தில் உள்ள கொட்டைக் குவியலின் மேலும் ஏறாதீர்கள். பார்க்க உறுதியாக நிற்கும் அந்தக் குவியல் திடீரென்று இடிந்து ஆளை மூடிவிடும்.

கடைசியாக, காலி எடைக்குப் போகும் முன் தளத்தைப் பெருக்குங்கள். மூலைகளிலும் பலகை இடுக்குகளிலும் ஒரு கூடைப் பருத்தியாவது ஒட்டியிருக்கும். அதை அப்படியே விட்டால் வண்டியின் எடையாகப் பதிவாகி உங்கள் கணக்கில் குறையும், திரும்பும் வழியெல்லாம் சாலையில் கொட்டும், அடுத்த பாரத்தில் ரகம் கலக்கும். பெருக்கியதை எடை போட்ட குவியலிலேயே சேர்த்துவிட்டு, அதன்பின் வண்டியை மேடையில் ஏற்றுங்கள்.